உரிமம் தேடுமுன் லாரியைக் கொட்டிப் பாருங்கள்: பழைய உலோகக் கடைக்கு கோபிசினஸ் தளம் எவ்வளவு உதவும்?

சிங்கப்பூரில், வீடு வீடாகப் பழம்பொருள் வாங்கும் காராங்குனித் தொழிலிலிருந்து ஒரு படி ஏறி, ஒரு லாரியும் சிறு கிடங்கும் வைத்துப் பழைய இரும்பு, செம்பு, அலுமினியம் வாங்கி விற்கலாம் என்று இறங்குபவரைக் கணக்காளர் முதல் கூட்டாளிவரை எல்லாரும் அனுப்பும் இடம் கோபிசினஸ் உரிமத் தளம். அரசாங்க உரிமங்கள் பலவற்றுக்கும் அது ஒரே வாசல். இரண்டு மூன்று பேர் வேலை பார்க்கும், ஆண்டு விற்பனை 1 மில்லியன் வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தொடாத ஒரு கடைக்கு அந்த வாசல் எவ்வளவு தூரம் வழிவிடுகிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கிறோம்.

விண்ணப்பம் போடும் கருவியாக நன்றாகவே வேலை செய்கிறது. எந்த விண்ணப்பம் போடவேண்டும் என்று சொல்லித்தரும் ஆலோசகராகப் பாதி மதிப்பெண்தான். தளம் உங்கள் தொழிலின் பெயரைக் கேட்கிறது. சட்டங்களோ உங்கள் சரக்கின் பெயரைக் கேட்கின்றன. ‘பழைய உலோகம்’ என்று ஒரே சொல்லில் நாம் சொல்வது, சட்டத்தின் கண்ணில் ஐந்தாறு வேறு வேறு பொருள்கள். லாரியில் என்ன வரும் என்று முதலில் பட்டியல் போட்டவருக்குத்தான் இந்தத் தளம் பயன்படும்.

தளத்தில் நல்லது எது

உள்ளே நுழைய நிறுவனப் பதிவு எண் வேண்டும். அது நிறுவனங்களைப் பதியும் ஆணையமான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் கிடைக்கும். தனி உரிமையாளராகப் பதிய, பெயருக்கு 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி, மூன்றாண்டுக்கு 160 வெள்ளி. பதிவு முடிந்ததும் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளத்தின் மூலம் நிறுவனத்தின் பெயரில் நுழையலாம். மகனோ கணக்காளரோ உங்களுக்காகப் படிவம் நிரப்பவேண்டுமென்றால் நிறுவனங்களுக்கான கார்ப்பாஸ் கணக்கில் அவருக்கு அனுமதி கொடுத்துவிடுங்கள். உங்கள் சிங்பாஸ் கடவுச்சொல்லை அடுத்தவரிடம் கொடுக்கும் பழக்கம் நம் கடைகளில் சாதாரணம். ஆனால் அவர் தட்டுவதெல்லாம் உங்கள் கையெழுத்தாகிவிடும்.

நிரப்பியதைப் பாதியில் சேமிக்கலாம். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கலாம். புதுப்பிப்பும் கட்டணமும் அங்கேயே. வெவ்வேறு அமைப்புகளின் முகப்பில் வரிசையில் நின்ற காலத்தை அறிந்தவர்களுக்கு இது சிறிய வசதி அன்று.

குறை என்றால், முதலில் மொழி. படிவங்கள் ஆங்கிலத்தில், அதுவும் சட்ட ஆங்கிலத்தில். இரண்டாவது குறை பெரியது. ‘எல்லாம் ஒரே இடத்தில்’ என்ற எண்ணத்தோடு வருபவர், இங்கே இல்லாதவற்றை மறந்துவிடுவார். நிறுவனப் பதிவு பிஸ்ஃபைலில், பொருள் சேவை வரி உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் தளத்தில், ஏற்றுமதி அனுமதி சுங்கத்துறையின் டிரேட்நெட்டில், இடத்தின் பயன்பாட்டு அனுமதி நில உரிமையாளரிடமும் நகரச் சீரமைப்பு ஆணையத்திடமும். இந்த நான்கில் உங்களுக்குத் தேவையான ஒன்று தவறினாலும் கையிலுள்ள உரிமம் சுவரில் மாட்டிய படம்தான்.

காசு கொடுத்து வாங்கினாலும் அது ‘கழிவு’

இந்தத் தொழிலில் மிகப் பலர் சறுக்கும் இடம் இது. “நான் குப்பை அள்ளவில்லை, காசு கொடுத்துச் சரக்கு வாங்குகிறேன், எனக்கு எதற்குக் கழிவு உரிமம்?” என்பது வழக்கமான வாதம். 1987-ஆம் ஆண்டின் சுற்றுப்புறப் பொதுச் சுகாதாரச் சட்டம் ‘கழிவு’ என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே பழைய உலோகம் போன்ற ‘ஸ்கிராப்’ பொருள் வந்துவிடுகிறது. உடைந்தது, தேய்ந்தது, தூக்கியெறியப்பட்டது எல்லாம் அதில் அடக்கம். தூக்கியெறியப்பட்டதாகத் தோன்றும் பொருள் கழிவு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையது. கிலோவுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது அந்த விளக்கத்தை மாற்றாது.

ஆகவே தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் இரண்டு உரிமங்களைப் பிரித்துப் புரிந்துகொள்ளவேண்டும். ஒன்று, கழிவைச் சேகரித்து வண்டியில் ஏற்றிச் செல்வதற்கானது: பொதுக் கழிவு சேகரிப்பாளர் உரிமம். அதில் ஏ, பி, பி.1, சி என்று வகைகள் உண்டு. உலோகக்காரருக்குப் பொருந்துவது ‘ஏ’ வகை. பழைய மரச்சாமான், மின்சாதனம், கட்டுமான இடிபாடு, பெட்டி, பலகை போன்ற அழுகாத பொருள்களுக்கானது அது. ‘பி’ உணவுக்கழிவு போன்ற அழுகும் பொருள்களுக்கு. ‘சி’ கசடு, கொழுப்புத் தொட்டிக் கழிவுகளுக்கு. பின்னாளில் உணவகத்திலிருந்து எண்ணெய் டின்களையும் எடுக்கலாமே என்று எல்லா வகைக்கும் டிக் போட்டு வைப்பது புத்திசாலித்தனமாகத் தோன்றும். ஒவ்வொரு வகையும் வண்டிக்கும் வேலைமுறைக்கும் தனித்தனி எதிர்பார்ப்புகளோடு வருகிறது. தேவையில்லாத டிக், தேவையில்லாத கேள்வி.

இன்னொன்று, கழிவைப் பெற்று, வைத்து, பிரித்து, பதப்படுத்தும் இடத்துக்கானது: பொதுக் கழிவு அகற்றும் நிலைய உரிமம். இது 2017 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பெயரில் ‘அகற்றும்’ என்ற சொல் இருப்பதால், எரியாலை, குப்பைமேடு நடத்துபவர்களுக்கு என்று எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். மறுபயனீட்டுக்குப் போகும் பொருளைப் பிரிக்கும் கிடங்கும் இதில் அடங்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் கேள்வி: உங்கள் இடத்தில் சரக்கு இறங்குகிறதா? லாரியில் ஏற்றி நேராகப் பெரிய கிடங்கில் இறக்கிப் பணம் வாங்குபவரின் நிலை வேறு. இரண்டு நாள் சேர்த்துவைத்து, செம்பு தனி, பித்தளை தனி என்று பிரித்து, கேபிள் உரித்து விற்பவரின் நிலை வேறு. இலாபம் இருப்பது இரண்டாவதில். கட்டுப்பாடு இருப்பதும் அதிலேயே. தளத்தின் படிவத்தில் ‘வாங்கி விற்றல்’ என்று மட்டும் எழுதிவிட்டுக் கிடங்கில் உரிக்கும் இயந்திரம் வைத்திருந்தால், சோதனைக்கு வருபவர் படிவத்தைவிட இயந்திரத்தைத்தான் நம்புவார்.

லாரியைக் கொட்டினால்

இரும்பில் தொடங்கலாம்; அதுதான் எளிது. கம்பி, தகடு, ‘ஐ’ பீம், பழைய அலமாரி. சிங்கப்பூரில் இரும்பு வீணாகப் போவதில்லை. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கணக்கில் இரும்புக் கழிவின் மறுபயனீட்டு விகிதம் 99 விழுக்காடு. ஜூரோங்கில் நேட்ஸ்டீல் மின் உலையில் உருக்குகிறது, மீதி கப்பலேறுகிறது. பணமும் குறைவு, வம்பும் குறைவு. வம்பு வருவதெல்லாம் சாக்கடை மூடி, கிராதி, சாலைத் தடுப்பு, சாரக்கட்டுக் குழாய் போன்றவற்றில்தான். அவற்றுக்கு உரிமையாளர் யார் என்பது பார்த்தாலே தெரியும். சாரக்கட்டுக் குழாயில் பூசிய வண்ணம் நிறுவனத்தின் முகவரி மாதிரி. விற்க வருபவர் அந்த நிறுவனத்தின் கடிதம் காட்டமுடியாவிட்டால் எடை போடாதீர்கள்.

செம்பு, பித்தளையில் காவல்துறையின் கவனம் அதிகம். கட்டுமானத் தளத்துக் கேபிளும், அடுக்குமாடிக் கட்டடங்களின் தீயணைப்புக் குழாய்களில் இருக்கும் பித்தளை முனைகளும் திருடப்பட்ட செய்திகள் நமக்குப் புதியவை அல்ல. இங்கேதான் 2007-ஆம் ஆண்டின் பழம்பொருள் வணிகர் சட்டத்தின் சிந்தனை வருகிறது: திருட்டுப் பொருள் சுலபமாகக் கைமாறும் சரக்குகளைக் கையாளுபவர் யாரிடம் வாங்கினார், எப்போது வாங்கினார் என்று சொல்லக்கூடியவராக இருக்கவேண்டும். எல்லாப் பழம்பொருளும் ஒரே மாதிரி நடத்தப்படுவதில்லை, விலக்குகள் உண்டு. ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் காவல்துறையின் உரிமப் பக்கத்தில் நடப்பிலுள்ள நிலையைப் பார்த்து, உங்கள் சரக்குப் பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். நண்பரின் கடையில் தொங்கும் பழைய உரிமத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

உரிமம் வேண்டுமோ வேண்டாமோ, இரண்டு சட்டப்பிரிவுகள் எல்லாருக்கும் பொருந்தும். தண்டனைச் சட்டத்தின் 411-ஆம் பிரிவு, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ நம்பக் காரணம் இருந்தோ வாங்குவதைக் குற்றமாக்குகிறது. சில்லறைக் குற்றங்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது. திருட்டுப் பொருள் என்று நியாயமாகச் சந்தேகிக்கக்கூடிய ஒன்று உங்களிடம் இருந்து, அது எப்படி வந்தது என்று திருப்தியாக விளக்கமுடியாமல் போனால், அதுவே போதும். ‘எனக்குத் தெரியாது’ என்பது அங்கே பதிலாகாது. ரசீதுதான் பதில்.

கைபேசி, மடிக்கணினி, குளிர்பதனப்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், தொலைக்காட்சி, ஏர்கான் ஆகியவை லாரியில் வந்தால் கதை மாறுகிறது. 2021 ஜூலை 1 முதல் மின்கழிவுக்கு உற்பத்தியாளர் பொறுப்புத் திட்டம் நடப்பில் உள்ளது. 300 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மின்சாதனக் கடைகள் சேகரிப்புப் பெட்டி வைக்கவேண்டும். புதிய சாதனத்தை வீட்டில் இறக்கும்போது பழையதை இலவசமாக எடுத்துச் செல்லவும் வேண்டும். முன்பு காராங்குனிக்காரருக்கு வந்துகொண்டிருந்த குளிர்பதனப்பெட்டிகள் குறைந்ததற்கு இது ஒரு காரணம். இந்த வகைச் சாதனங்களைப் பிரித்து உலோகம் எடுப்பது, உரிமம் பெற்ற மின்கழிவு மறுபயனீட்டாளரின் வேலை. புளோக்கின் கீழ்த்தளத்தில் கம்ப்ரசரை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு கூட்டை விட்டுவிட்டுப் போகும் வேலை எல்லா வகையிலும் தவறு. குளிர்வாயு காற்றில் போகும், எண்ணெய் தரையில் ஒழுகும், மிச்சத்தை நகர மன்றம் அள்ளும். ஏர்கானின் செம்பு–அலுமினிய ரேடியேட்டருக்கு நல்ல விலை என்பதால் ஆசை வரும். வாயுவை முறையாக மீட்டெடுத்த தொழில்நுட்பரிடமிருந்து தனி ரேடியேட்டராக வாங்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கார் பேட்டரியில் எடையில் பாதிக்கு மேல் ஈயம், உள்ளே கந்தக அமிலம். அமிலத்தைக் கொட்டிவிட்டு ‘சுத்தமான ஈயம்’ என்று விற்பது பழைய கெட்ட பழக்கம். அமிலம் இருந்தபடியே, நிமிர்த்தி, அமிலம் அரிக்காத தட்டில் அடுக்கி, நச்சுத் தொழிற்கழிவைக் கையாள அனுமதி பெற்றவரிடம் கொடுங்கள். கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசெல் உடன்பாட்டில் ஈய–அமில பேட்டரி ஆபத்தான கழிவுப் பட்டியலில் இருப்பதால், கன்டெய்னரில் இரண்டு பேட்டரி ஒளிந்திருந்தாலும் ஏற்றுமதி முழுவதும் சிக்கலாகும். லித்தியம் பேட்டரியைத் தனியாகப் பிரிக்கவேண்டியதன் காரணம் வேறு: நசுங்கினால் தீப்பிடிக்கும். இரும்புக் குவியலின் அடியில் கிடக்கும் மின்ஸ்கூட்டர் பேட்டரி நாள் பார்த்து எரியாது.

முழுக் கார் வந்தால் தொடாதீர்கள். பதிவு நீக்கிய வாகனத்தை ஒரு மாதத்துக்குள் நிலப் போக்குவரத்து ஆணையம் குறிப்பிட்ட வழிகளில்தான் அப்புறப்படுத்தவேண்டும்.

உடைந்த நகை, தங்கச் சங்கிலித் துண்டு, வெள்ளிக் கிண்ணம்? பழைய உலோகம்தான், ஆனால் வேறு உலகம். விலைமதிப்புள்ள கற்கள், உலோகங்கள் வணிகர்களுக்கான சட்டம் 2019 ஏப்ரல் 10 முதல் நடப்பில் இருக்கிறது. சட்ட அமைச்சின் கீழுள்ள பதிவாளரிடம் பதிந்துகொண்டுதான் இதில் இறங்கலாம். 20,000 வெள்ளிக்கு மேல் ரொக்கம் கைமாறினால் வாடிக்கையாளரைச் சரிபார்ப்பதும் அறிக்கை தாக்கல் செய்வதும் கூட வரும். வாரத்துக்கு ஒரு மோதிரத்துக்காக இந்தச் சுமை வேண்டாம். விற்க வருபவரை நகைக்கடைக்கு அனுப்பிவிடுங்கள்.

இப்போது தளத்துக்குத் திரும்பிப் பாருங்கள். மேலே சொன்னதில் எத்தனை கேள்வியை அது தானாகக் கேட்கும்? தொழில் வகை தேர்ந்தெடுத்தால் சில உரிமங்களைக் காட்டும். ‘கேபிள் உரிப்பீர்களா, பேட்டரி வாங்குவீர்களா, ஏர்கான் வருமா’ என்று கேட்காது. அந்தப் பட்டியலை நீங்கள்தான் கையில் எழுதிக்கொண்டு போகவேண்டும்.

இடமும் வண்டியும்

உரிம விண்ணப்பம் திரும்பி வருவதற்கு வாய்ப்புள்ள இடங்கள் பெரும்பாலும் சட்ட நுணுக்கமானவை அல்ல, சாதாரணமானவை. அக்ராவில் ஒரு முகவரி, குத்தகைப் பத்திரத்தில் வேறு முகவரி. உரிமம் கேட்பது நிறுவனம், லாரி பதிவாகியிருப்பதோ மைத்துனரின் பெயரில். கிடங்கு வரைபடத்தில் நீள அகலம் இல்லை. எங்கே இறக்குவது, எங்கே பிரிப்பது, எங்கே அடுக்குவது என்று குறிக்கவில்லை. தீயணைப்புக் கருவியின் இடம் காட்டவில்லை. வரைபடத்தைக் கையால் வரையலாம். அளவும் பயன்பாடும் எழுதியிருப்பதுதான் முக்கியம்.

இடத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சுங்கை காடுட், துவாஸ் போன்ற தொழிற்பேட்டைகளில் வாடகை மலிவாக ஒரு மூலை கிடைத்தது என்று முன்பணம் கட்டிவிட்டு உரிமத்துக்கு ஓடுவது தலைகீழ் வழி. இலேசான தொழில்களுக்கான ‘பி1’ கட்டடத்தில், தூசியும் சத்தமும் எழுப்பும் உலோக வேலைக்கு இசைவு கிடைப்பது கடினம். கனரகத் தொழில்களுக்கான ‘பி2’ என்றாலும் அந்தக் குறிப்பிட்ட அலகில் கழிவு பிரிக்கலாமா என்பது தனிக் கேள்வி. உள்வாடகை என்றால், முதன்மைக் குத்தகைதாரருக்கு உள்வாடகைக்கு விட நில உரிமையாளரின் அனுமதி இருக்கிறதா என்று தாளில் கேளுங்கள். கிடங்கு உரிமத்துக்கு விலக்கு கேட்கமுடியுமா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே வாரியத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். தொலைபேசியில் கிடைத்த பதில் பிறகு உதவாது.

வீட்டில் வைத்துத் தொடங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டைச் சரக்குக் கிடங்காக்க முடியாது. வெளி நடைபாதையிலும் 1.2 மீட்டர் அகலம் காலியாக இருக்கவேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி. பழம்பொருள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடப்பட்ட பிறகு, ‘சாக்கு விரித்துத் தொடங்குவோம்’ என்ற வழியும் போய்விட்டது.

லாரி விஷயத்தில், மூன்றாம் வகுப்பு ஓட்டுநர் உரிமத்தோடு ஓட்டக்கூடியது சுமையில்லா எடை 2,500 கிலோவுக்கு மிகாத வண்டி. அதற்கு மேல் நான்காம் வகுப்பு வேண்டும். இரும்பு பார்வைக்குக் குறைவாகத் தெரியும், எடையில் ஏமாற்றும். ஒரு கன மீட்டர் திட இரும்பு ஏறக்குறைய 7,870 கிலோ. தொட்டி கால்வாசிதான் நிறைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அனுமதிச் சுமை தாண்டியிருக்கும்.

தராசு: தளம் வாய்திறக்காத உரிமம்

எடைகள், அளவைகள் சட்டத்தின்படி, வணிகத்துக்குப் பயன்படும் தராசு அங்கீகரிக்கப்பட்ட வகையாக இருக்கவேண்டும், சரிபார்க்கப்பட்டு ‘அக்யுரசி’ ஒட்டுவில்லை ஒட்டப்பட்டிருக்கவேண்டும். இணையத்தில் 80 வெள்ளிக்கு வாங்கிய மேடைத் தராசில் அது இருக்காது. பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வகை அங்கீகாரம் இல்லாத தராசைச் சரிபார்க்கவும் முடியாது.

தராசை வாங்கும்போது அதிகபட்ச எடையை மட்டும் பார்க்கிறார்கள். ‘e’ என்ற எழுத்துக்குப் பக்கத்திலுள்ள எண்ணைப் பாருங்கள். அதுதான் சரிபார்ப்பு இடைவெளி, அதாவது தராசின் துல்லியத்தை அளக்கும் எடைப் படி. 300 கிலோ தராசில் e = 100 கிராம் என்றால், துல்லியத்தில் மூன்றாம் வகையான தராசுக்குக் குறைந்தபட்ச எடை அதைப்போல் 20 மடங்கு, அதாவது 2 கிலோ. அதற்குக் கீழே அதில் போடக்கூடாது. 60 கிலோ வைத்தால், சரிபார்ப்பின்போதே 100 கிராம்வரை இப்படியோ அப்படியோ விலக அனுமதி உண்டு. பயன்பாட்டில் அதுபோல் இரு மடங்கு. இரும்புக்கு அது காசுக்கணக்கு. செம்பு கிலோ 10 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு வெள்ளி. ஆகவே இரண்டு தராசு வைப்பதே சரி: இரும்புக்கு 300 கிலோ, செம்புக்கும் பித்தளைக்கும் 30 கிலோவும் e = 10 கிராமும் உள்ள ஒன்று. 60 கிலோ செம்பை 20 கிலோவாக மூன்று முறை போட்டால், அனுமதிக்கப்பட்ட விலகல் மூன்றையும் கூட்டினாலும் சரிபார்ப்பில் 30 கிராம்தான்.

நீங்கள் விற்கும் பெரிய கிடங்கின் லாரித் தராசிலும் கண் வையுங்கள். சுமையோடு எடுத்த எடையில் ஓட்டுநரும் உதவியாளரும் உள்ளே இருந்தார்களா, வெற்று எடை எடுக்கும்போதும் இருந்தார்களா? இடையில் டீசல் நிரப்பினால் 100 லிட்டருக்கு ஏறக்குறைய 84 கிலோ உங்களுக்கு எதிராகப் போகும். இரண்டு எடையும் நேரத்தோடு அச்சான சீட்டுத்தான் சீட்டு.

பதிவேடு

உரிமம் கிடைப்பதைவிட அதைக் காப்பாற்றுவது பதிவேட்டில் இருக்கிறது. ஒவ்வொரு வாங்குதலுக்கும்: தேதி, நேரம், விற்றவர், தொடர்பு எண், வண்டி எண், சரக்கின் வகை, மொத்த எடை, கழித்த எடை, நிகர எடை, கிலோ விலை, தொகை, பணம் கொடுத்த முறை, தராசின்மேல் சரக்கு இருக்கும் புகைப்படம். வருமானவரிக் கணக்குக்காக ஐந்தாண்டு வைத்திருக்கவேண்டும். பேநவ் (கைபேசிவழி வங்கிப் பரிமாற்றம்) மூலம் பணம் கொடுத்தால் பெறுபவரின் பெயர் தானாகப் பதிவாகிறது; ரொக்கத்தைவிட அதுவே நல்ல சாட்சி.

அடையாள அட்டை பற்றிக் குழப்பம் உண்டு. 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டாலோ ஒருவரை மிகத் துல்லியமாக உறுதிப்படுத்தவேண்டிய தேவை இருந்தாலோ தவிர, நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணையோ நகலையோ சேகரிக்கக்கூடாது. உங்கள் உரிம நிபந்தனை விவரம் கேட்டால் எடுங்கள், பூட்டி வையுங்கள். கேட்காத நிலையில் அட்டையைப் பார்த்துப் பெயரைச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுங்கள். எல்லாருடைய அட்டையையும் கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது ‘கவனமாக இருக்கிறோம்’ என்பதற்குச் சான்றாகாது.

பெரும்பாலானோர் விட்டுவிடுவது எடைச் சமன்பாட்டை. கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் வீட்டுக் கம்பியில் ஒரு மீட்டருக்குச் செம்பு 22.4 கிராம் (2.5 பெருக்கல் 8.96). ஒரு மீட்டர் வெட்டி, உறையோடு எடை போட்டு, உரித்துச் செம்பை எடை போட்டால் விழுக்காடு கிடைக்கும். 100 கிலோ கேபிள் வாங்கி 64 கிலோ செம்பு விற்றிருக்கிறீர்கள் என்றால், மீதி 36 கிலோ பிவிசி உறை எங்கே? அதை உரிமம் பெற்ற சேகரிப்பாளர் எடுத்துச் சென்ற சீட்டு இருக்கவேண்டும். 80 கிலோ செம்பு விற்றதாகக் கணக்கு காட்டினால் இன்னும் மோசம்: கூடுதல் 16 கிலோ பதிவில்லாமல் வாங்கியது என்று அர்த்தமாகும். உரிப்பதற்குப் பதில் எரிப்பவர்கள் இரண்டு வகையில் நஷ்டப்படுகிறார்கள். திறந்தவெளியில் எரிப்பது தடைசெய்யப்பட்டது. எரிந்த செம்பு கறுத்து, மொறுமொறுத்து, முதல் தரத்திலிருந்து இரண்டாம் தரத்துக்கு இறங்கும்.

‘செம்பு’ என்று மட்டும் எழுதினால் பதிவு நிற்காது. உலக வணிகத்தில் ‘பார்லி’ என்பது மின்னும் உரித்த கம்பி, ‘பெர்ரி’ என்பது மின்னாத முதல் தரக் கம்பி, ‘பர்ச்’ என்பது இரண்டாம் தரம், ‘ஹனி’ என்பது மஞ்சள் பித்தளை. பெரிய கிடங்கு இந்தப் பெயரில் பில் போடும். உங்கள் வாங்குதல் ஏட்டிலும் அதே பெயர் இருந்தால் இரண்டும் பொருந்தும். கம்பியின் முனையை அரத்தால் தேய்த்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு பூசிய அலுமினியம். காந்தம் ஒட்டினால் செம்பு பூசிய எஃகு. நிலத்தில் அடிக்கும் எர்த் ராடு பெரும்பாலும் அப்படித்தான். ஸ்டெயின்லெஸில் காந்தம் ஏமாற்றும். 304 ரகமும் ஒட்டாது, நிக்கல் குறைந்த 201 ரகமும் ஒட்டாது. விலையில் இரண்டும் ஒன்றல்ல.

வரியும் ஏற்றுமதியும்

வரிக்குட்பட்ட விற்பனை ஆண்டுக்கு 1 மில்லியன் வெள்ளியைத் தாண்டினால் பொருள் சேவை வரிக்குப் பதியவேண்டும். விகிதம் 2024 முதல் 9 விழுக்காடு. செம்பு விற்பவருக்கு இந்த எல்லை நினைத்ததைவிடச் சீக்கிரம் வரும், ஏனென்றால் கணக்கில் வருவது இலாபமன்று, விற்பனை. பதிவில்லாத வீட்டுக்காரர்களிடம் வாங்கும்போது கழித்துக்கொள்ள உள்வரி (வாங்கும்போது கட்டிய வரி) ஏதும் இருக்காது. எல்லையை நெருங்குவதற்கு முன்பே கணக்காளரிடம் பேசுங்கள்.

ஏற்றுமதி சிறு கடைக்கு முதலாண்டில் தேவையில்லை. போக நினைத்தால், இரும்பு 7204, செம்பு 7404, அலுமினியம் 7602 என்ற சுங்கக் குறியீடுகளில் போகும். 2025 ஜனவரி 1 முதல், ஆபத்தில்லாத மின்கழிவுக்கும் பெறும் நாட்டின் முன்னனுமதி வேண்டும் என்று பாசெல் விதி விரிந்துவிட்டது. ‘கலவை உலோகம்’ என்று எழுதிய கன்டெய்னரில் சர்க்யூட் போர்டு கலந்திருந்தால் அது இனிமேல் உலோகச் சரக்காக நிற்காது.

எந்த வரிசையில் போவது

தளத்தைத் திறப்பதற்கு முன் மேசையில் இருக்கவேண்டியவை: சரக்குப் பட்டியல் ஒரு பக்கம், எதைத் தொடமாட்டீர்கள் என்ற பட்டியல் இன்னொரு பக்கம், அளவிட்ட வரைபடம், லாரியின் பதிவுச் சான்று நிறுவனத்தின் பெயரில், கையெழுத்திடாத குத்தகைப் பத்திரத்தின் நகல். ஆம், கையெழுத்திடாதது. வாரியமும் நில உரிமையாளரும் எழுத்தில் பதில் தரும்வரை பேனாவை எடுக்காதீர்கள். அவசரப்படுத்தினால், ‘உரிமம் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பும்’ என்ற ஒரு வரியைப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். உரிமம் வந்த அன்றே அதன் முடிவு நாளுக்கு மூன்று மாதம் முந்திய தேதியைக் கைபேசி நாள்காட்டியில் குறித்துவையுங்கள். தளம் அனுப்பும் நினைவூட்டல், பதிவின்போது கொடுத்து பிறகு யாரும் திறக்காத மின்னஞ்சலுக்குத்தான் போகும்.